பத்துக் காலிக் கட்டங்கள்

தைவானின் ஷின்ச்சு நகரத்து மென்பொருள் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாகச் சோதனை நிரல் எழுதுபவள் வெங் ஷூ-யிங். ஸ்கூட்டரில் வருவாள், சோயாபால் குடிப்பாள், எவன் எழுதிய நிரலையும் நம்பமாட்டாள். அது எப்பேர்ப்பட்ட வரம் என்று அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

மறுநாள் ஒரு மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிரல். நோயாளியின் அட்டை எண்ணைக் கொடுத்தால், அவருக்கு ஆகாத மருந்தைப் பழைய பதிவுகளில் தேடிச் சொல்லும். மதியம் ஷூ-யிங்கின் சோதனையில் அது தேறாமல், பச்சைக்குப் பதில் சிவப்புக் காட்டியது. எதிர்பார்த்த எண்ணும் வந்த எண்ணும் திரையில் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனாலும் பொருந்தவில்லையாம்.

நிரலை எழுதிய லியாவ், முதலில் கணினிமேல் இருந்த பச்சைப் பொரிப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தான். மிஷின் அடங்கி நடக்க அங்கே எல்லாரும் வைப்பது.

"தேதி முடிஞ்சுபோச்சுக்கா! அதான் முரண்டு பிடிக்குது."

ஓடிப்போய்ப் புதுசு வாங்கி வைத்தான். சத்தமில்லாமல் சோதனையில் ஒரு வரியும் சேர்த்தான். பச்சை வந்தது.

"பாத்தியாக்கா, பொரி வேலை செய்யுது!"

"பொரியா, நீயா? ரெண்டு எண்ணையும் ஒரே வகையா மாத்திட்டு ஒப்பிடுது நீ சேர்த்த வரி. நிரல் அப்படி மாத்துதா?"

"பாக்க ஒண்ணாத்தானே இருக்கு?"

"உன் கண்ணுக்கு. பழைய பதிவோட வகையில எண்ணுக்கு இருபது கட்டம். எண்ணு பத்துல முடிஞ்சிருது, மிச்சம் பத்தும் காலி. புது வகையில அந்தக் காலியே கிடையாது, மிஷினுக்கு ரெண்டும் வேற. நிரலையே ஓட்டு, உங்கம்மா நம்பரப் போடு."

லியாவின் அம்மா பென்சிலின் ஊசியால் மூன்று நாள் கண் விழிக்காமல் கிடந்தவள். மாதிரிப் பதிவுகளில் அவள் விவரத்தையும் அவனே ஏற்றியிருந்தான். எண்ணை அடித்தான்.

'ஆகாத மருந்து எதுவும் இல்லை.'

ஒன்றுமே இல்லாத பத்துக் கட்டங்கள்! அதில் ஓர் உயிர் விழுந்து காணாமல் போக இடமிருந்தது. ஊரே ஒன்று என்று சொன்னதை, அந்தச் சோதனை மட்டும் இல்லை என்று சொல்லி நின்றிருக்கிறது.

தான் சேர்த்த வரியை அவனே அழித்தான். சோதனை மறுபடி சிவந்தது. தேடுவதற்கு முன்பே பழைய எண் புது வகைக்கு மாறும்படி நிரலைத் திருத்தினான். மூன்றரை மணிக்குப் பச்சை வந்தது. அம்மாவின் எண்ணை இன்னொரு தடவை அடித்தான்.

'பென்சிலின் கூடாது.'

லியாவ் பொட்டலத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் ஷூ-யிங்கின் மேசைமேல் வைத்தான்.

"இது இங்கதான்க்கா இருக்கணும்."

அவள் தேதியைப் பார்த்தாள். பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"இன்னும் நாப்பது சோதனை பாக்கி. ஓட்டு."