மூன்று கோடியே பதினைந்து லட்சம் விநாடி

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். அதில் ஒன்று செத்துச் சுண்டிப்போனது. செத்தும் பசி அடங்கவில்லை, பக்கத்திலிருப்பதன் வாயுவை உறிஞ்சித் தின்கிறது. தின்கிற வேகத்தில் எக்ஸ் கதிர் கிளம்பும். அந்த ஒளி வருடக்கணக்கில் கூடுவதும் குறைவதும் எப்படி என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கல்யாணமாகி வல்லத்திராக்கோட்டைக்கு வந்த பிறகும் அந்தப் பாழாய்ப்போன ஜோடி என்னை விடவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்திருந்தது கடைசி நீட்டிப்பு. இந்தத் தடவை எழுதிக் கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

செயற்கைக்கோள் பல வருடங்களாக எடுத்த அளவுகளைக் கணினியில் போட்டு அலசினேன். ஒருநாள் காலையில் அகப்பட்டது. மூன்று கோடியே பதினைந்து லட்சம் விநாடிக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறைகிறது! என் கோப்புகளில் காலமெல்லாம் விநாடியில்தான் இருக்கும். நெறியாளருக்கு அனுப்பக் கடிதம்கூட அடித்துவிட்டேன். உரக்கடைக்குக் கிளம்பிய வீட்டுக்காரரை நிறுத்தி வைத்துப் பெருமை பீற்றினேன்.

"அம்புட்டு விநாடின்னா எத்தன நாளு?" என்றவர், செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். அப்புறம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு கிட்ட வருது. அடியே, அது ஒரு வருசம்டி!"

அடக் கடவுளே! வருடத்துக்கொருமுறை சூரியன் அந்தத் திசைக்கு வந்துவிடும். அப்போது கருவியால் அந்தப் பக்கம் சரியாகப் பார்க்க முடியாது, அளவுகள் கெடும். ஆக, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நான் கண்டுபிடித்திருக்கிறேன். கோபம் அவர் மேல்தான் வந்தது.

"நீங்க யூரியா விக்கிற வேலையப் பாருங்க."

"சரி, வாரேன்" என்று போய்விட்டார்.

அந்தக் கோளாறைக் கழித்துப் பார்த்தால் ஒழுங்கான சுழற்சி எதுவுமே இல்லை. இஷ்டத்துக்குக் கூடுகிறது, இஷ்டத்துக்குக் குறைகிறது. அந்த ஒரு வருடக் கணக்கு பொய் என்பதையும் சேர்த்து அதையே எழுதினேன். நெறியாளர் ஒப்புக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னாலும் நடக்கும். வந்தவர்களுக்குச் சமோசாவும் டீயும் நம் பொறுப்பு. வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அரங்கத்தின் கடைசியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "அந்த ஒரு வருசச் சுழற்சி பொய்ன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. எத்தனையோ பேர் அதுல ஏமாந்திருக்காங்க. ஒங்களுக்கு எப்படிம்மா தோணிச்சு?"

"நானே சந்தேகப்பட்டுச் சரிபார்த்தேன் சார்."

தட்டுச் சத்தம் நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் முதல் தட்டைத் தேர்வாளரிடம் நீட்டி, "சின்ன விசயத்தக்கூட விடமாட்டா சார், அம்புட்டுக் கெட்டிக்காரி" என்றார். வெட்கத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.