முகூர்த்தத்தில் பேசாத ரேடியோ

சேலத்தில் ரேடியோ விற்ற காலத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே கேள்வி, "இப்பப் பேசுமா?" என்பதுதான். எங்களுக்கு எட்டிய நிலையம் பொழுது சாய்ந்த பிறகே வாய் திறக்கும். கடைக்கு வருகிறவர்களோ காலையில் வண்டி கட்டி வந்து இருட்டுமுன் ஊர் திரும்புகிறவர்கள். கேட்டுப் பார்க்காமலேதான் வாங்க வேண்டும். என் வாய்ச்சாமர்த்தியத்தில் கடை ஓடியது.

நாமக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் மகள் கல்யாணச் சீருக்கு அப்படித்தான் ஒரு பாட்டரி ரேடியோ வாங்கினார். பொருத்திக் கொடுக்க நானும் போனேன். விடிகாலை முகூர்த்தம். தென்னை மரத்துக்கு ஏரியல் கம்பி இழுத்துக் கட்டி, சீர்த்தட்டுகளுக்கு நடுவே பெட்டியை வைத்தேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா அதன் முன்னால் வந்து உட்கார்ந்து, பேச வைக்கச் சொன்னார். சாயங்காலம்தான் பேசும் என்றேன். திருகிக் காட்டினால் வெறும் இரைச்சல். பின்பக்கம் கழற்றி, உள்ளே வால்வு என்கிற கண்ணாடிக் குழல்கள் மங்கலாகச் சிவந்திருப்பதைக் காட்டினேன். விளக்கு தன் வீட்டிலும் எரிகிறது என்றார். அந்த ஆளை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"வெறும் பொட்டிய வெச்சு ஏமாத்தறீங்களா? இது பேசட்டும், அப்புறம் தாலி கட்டலாம்" என்று சபையில் சொல்லிவிட்டார்.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். கல்யாணத்தை நடத்தி வைக்கும் அருமைக்காரர் கிழக்கே வெளுப்பதைக் காட்டி, நேரம் தப்பினால் தான் பொறுப்பில்லை என்றார். பெரியப்பா அசையவில்லை. மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. இரைச்சலை நிறுத்தக்கூட எனக்குக் கை வரவில்லை.

அப்போது மணவறையில் பெண் நிமிர்ந்தாள். பக்கத்திலிருந்த மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டினாள்.

"ஏனுங்க மாமா, இவிய பேசி நானும் இன்னும் கேட்டதில்லீங்க. பேசிக் காட்டச் சொல்லீட்டா வந்து உக்காந்திருக்கறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். போய்விடுவார், கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். எல்லோரும் இப்போது மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் எச்சில் விழுங்குவது தெரிந்தது. ரேடியோவை மறந்து, அவர் பேச வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"நேரமாச்சுங்க பெரியப்பா" என்றார். "தாலிய எடுத்துக் குடுங்க."

பெரியப்பா தாலித் தட்டை நோக்கி நடந்தார். பெண் மறுபடி தலை குனிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ரேடியோ நன்றாகவே பேசியது. ஊரே பந்தலில் கூடிவிட்டது, பெரியப்பா முதல் ஆளாக. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் கேட்க வரவில்லை.