கம்பெனிக் காற்றும் என் கூலியும்

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்கக் கூடாது. அதனால் நம் கோவில் அன்பியக் குழு மக்களுக்கு எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் முக்குளிக்கிறவன். கப்பலுக்கு அடியில் போய், ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது என் வேலை. பல வருசமாக ஒரே கம்பெனிதான். ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார்.

"இனிமே நீரு கூலியாளு இல்லவே, காண்ட்ராக்டர்! இங்கன ஒரு கையெழுத்தப் போடும்."

போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவி செல்வி சிரித்தாள். "காண்ட்ராக்டர் வீட்டுல அரிசி இல்ல, தெரியுமா?" என்றாள்.

வேலை மாறவில்லை. கூலியும் கூடவில்லை. வரி என்று ஒரு பங்கைப் பிடித்தார்கள். மீதியையும் பில் பாஸ் ஆகவில்லை என்று மாதக் கணக்கில் நிறுத்தினார்கள்.

அந்த மழைக்காலத்தில் கப்பல் புறப்பட அவசரம் என்று என்னைச் சட்டென்று மேலே வரச் சொன்னார்கள். வந்தேன். வலது காதிலிருந்து ரத்தம் கொட்டியது. ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் இனிமேல் தண்ணீரில் இறங்க முடியாது என்றார் டாக்டர். எனக்கு வேறு தொழில் தெரியாது.

கம்பெனிக்குப் போனேன். காண்ட்ராக்டருக்கு வைத்தியச் செலவு அவர் பாடு என்றார்கள். சரி, நிறுத்தி வைத்த என் கூலியைக் கொடுங்கள் என்றேன். ஜிஎஸ்டி நம்பர் எடுத்து வா என்றார்கள். ஆடிட்டர் ஆபீசில் போய்க் கேட்டேன். உம்ம வருமானத்துக்கு அது தேவையே இல்லை என்றார்கள். திரும்பி வந்து அதைச் சொன்னேன்.

"அப்ப கேஸ் போடும்வே, காண்ட்ராக்டரே!" என்றார் சூப்பர்வைசர். கேட்டில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அன்று எனக்கு ஒரு காதில்தான் கேட்டது. அந்தச் சிரிப்பு முழுசாகக் கேட்டது.

"விட்டுருங்க அண்ணே, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்று ஜெபக் கூட்டத்தில் ஒரு சகோதரி சொன்னார். நல்ல மனசோடு சொன்னார். எனக்கு விட மனமில்லை. அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். முழங்கால் போடவில்லை. நின்றபடி கேட்டேன். "ஆண்டவரே, இது பிச்சை இல்லை. என் கூலி. உமக்குத் தெரியும். எனக்குப் பேச வராது. நீர் பேசும்." அவ்வளவுதான் என் ஜெபம். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அங்கே ஒரு அதிகாரி அம்மா விசாரணைக்குக் கூப்பிட்டார். செல்வியும் வந்தாள். கம்பெனி பக்கம் ஒரு வக்கீல். நிறையப் பேசினார். "இவரு தொழிலாளியே இல்ல மேடம். சுதந்திரமா தொழில் செய்யுதவரு. இவரு அப்பாவும் சங்கு குளிச்சவரு, இவருக்கு இது குலத் தொழில்" என்றார். ஆண்டவரே, பேசும் என்று மட்டும் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி அம்மா என் பக்கம் திரும்பினார். "தண்ணிக்குள்ள உங்களுக்குக் காத்து எங்க இருந்து வருது?" என்று கேட்டார்.

"கம்பெனி கம்ப்ரசர்ல இருந்து ஹோஸ் குழாய்ல வரும் மேடம்."

"எப்ப மேல வரணும்னு யாரு சொல்லுவா?"

"சூப்பர்வைசர் ஹோஸை இழுப்பாரு. வரலன்னா காத்தைக் கொறைப்பாரு."

"கொறைப்பாரா?" என்று அந்த அம்மா திரும்பக் கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். இதை நான் வீட்டில் சொன்னதே இல்லை.

அப்போதுதான் யாரும் கேட்காமலே எனக்குப் பேச்சு வந்தது. "எங்கப்பா சொந்த மூச்சுல போனாரு மேடம். நெனச்சா வருவாரு. நான் இவுக காத்துல போறேன்."

வக்கீல் ஏதோ ஆரம்பித்தார். அதிகாரி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "மூச்சையே நீங்க கையில வச்சிருக்கீங்க. அவரு எப்படிங்க காண்ட்ராக்டர்?" என்றார்.

காற்றைப் பற்றி நான் மனுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தக் கேள்வியை என் ஆண்டவர்தான் அந்த அம்மா வாயில் வைத்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த அம்மா போட்ட உத்தரவுப்படி, நிறுத்திய கூலியைக் கம்பெனியில் கொடுத்தார்கள். வைத்தியச் செலவையும் ஏற்றார்கள். காது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என்னோடு முக்குளிக்கிறவர்களையும் தொழிலாளி என்றே எழுதிவிட்டார்கள். வரி என்று பிடித்ததில் கொஞ்சம் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது யார் தாளை நீட்டினாலும் முழுசாக வாசித்த பிறகுதான் கையெழுத்து. முன்பு ஞாயிறு பூசைக்கு வெளியே நிற்பேன். இப்போது உள்ளே போகிறேன்.

ஆண்டவருக்கு நன்றி. உங்கள் கூலியையும் யாராவது பிடித்து வைத்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள். பணிவாகக் கேட்கத் தெரியாவிட்டால் கோபமாகக் கேளுங்கள், அவர் தாங்குவார். கேட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். அலுவலகத்துக்குப் போங்கள். உங்களுக்கு முன்னால் அவர் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்.