மூட்டைக்கு நின்ற பேருந்து

அரசுப் பேருந்துக்கு வரலாறு என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் பெயிண்டின் வரலாறு. தனியார் முதலாளிகளிடமிருந்து வண்டிகளை அரசு எடுத்துக்கொண்டது, போக்குவரத்துக் கழகங்களைப் பிரித்தது, பிறகு சேர்த்தது, பெயரை மாற்றியது, நிறத்தை மாற்றியது. நான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று கழகங்களில் வேலை பார்த்தவன். மாறாமல் இருந்தது விதிப்புத்தகம்தான். அதைப் பக்க எண்ணோடு சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் சொல்ல முடியும், கேட்கத்தான் ஆளில்லை.

அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு விதி கொல்லிமலையில் இருந்தது. கீழ்நாட்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பார்கள். மலையில் மூட்டையை வைத்துப் பேருந்தையே பிடிப்பார்கள். மலையின் ஒரு பகுதியான குண்டனி நாட்டில் பல வீடுகள் சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே, ஒற்றையடிப் பாதையில். வேகமாக நடக்கக்கூடிய ஒருவர் முன்னால் வந்து மைல்கல் மேல் மூட்டையை வைத்துவிட்டு, பின்னால் வருபவரைக் கூட்டிவரத் திரும்பிப் போவார். ஓட்டுநர் மூட்டையைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்துவிடுவார். ஆள் வந்த பிறகுதான் வண்டி.

மலை வண்டிகள் ஏன் தாமதமாகின்றன என்று பார்க்க, அதிகாரியான நான் ஒரு நாள் காலையில் முதல் வண்டியில் ஏறினேன். மலையிலிருந்து இறங்கிச் சேந்தமங்கலம் போகும் வண்டி. குண்டனி நாட்டு மைல்கல் ஒன்றின் மேல் ஒரு மூட்டை இருந்தது. வண்டி நின்றது.

“என்னய்யா, ஆளையே காணோம்?” என்றேன் ஓட்டுநரிடம்.

“மூட்டை இருக்குதுங்க சார். பின்னாலயே வருவாங்க.”

“மூட்டை டிக்கெட் எடுக்குமா?”

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் சிரிக்கவில்லை. “அஞ்சு நிமிசமுங்க சார். இறக்கத்துல எப்படியாச்சும் நேரத்தப் புடிச்சுர்றேன்.”

“எழுபது கொண்டை ஊசி வளைவில் புடிச்சுருவியா? எடு வண்டியை.”

அவர் கண்ணாடியில் பாதையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடத்துநரிடம் விசில் ஊதச் சொன்னேன். டிரிப் ஷீட்டில் என் கையாலேயே எழுதினேன்: ‘உரிமையாளர் இல்லாத சுமை. பயணி எவரும் இல்லை.’ நல்ல வாக்கியம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பயணி இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி; நான்கு நாள் காய்ச்சல். கணவன் தோளில் சாய்த்து அழைத்து வந்துகொண்டிருந்தான். மலைக்கு ஆம்புலன்ஸ் வராத காலம். அடுத்த வண்டி மதியம்தான். அது வருவதற்குள் மைல்கல் பக்கத்திலேயே அவள் இறந்துபோனாள்.

ஓட்டுநர் மீது ஊரார் மனு கொடுத்தார்கள். விசாரணை அதிகாரி யார் என்றால், நானே. சம்பந்தப்பட்டவர் விசாரிக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியாதா? வாய்மொழியாக உத்தரவு போட்டவன் சம்பந்தப்பட்டவன் ஆகமாட்டான் என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓட்டுநர் தன் விளக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘வண்டியை எடுத்தது நான்தான்.’ அவரைக் கீழ்நாட்டு டெப்போவுக்கு மாற்றினேன். ஆளில்லாத மூட்டைக்கு நிறுத்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் ஒட்டவைத்தேன்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். மாலையோடு போயிருந்தேன். “மலைக்கு மட்டும் அவரு அப்புறம் போவவே இல்லீங்க, கூப்பிட்டாலும் வரமாட்டாரு” என்று அவர் மனைவி சொன்னார். மறுவாரம் நான் மலைக்குப் போனேன். இறந்துபோன பெண்ணின் கணவனைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் எனக்கு வேறு வேலை இல்லை.

அவர் அதே மைல்கல் பக்கத்தில், சாலையோரத்தில் தார்ப்பாயில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என் பையை மைல்கல் மேல் வைத்துவிட்டு, அந்த ஓட்டுநர் இறந்த செய்தியை முதலில் சொன்னேன்.

“அடடா. நல்ல மனுசனுங்க,” என்றார். “ஊர்க்காரங்க மனு எழுதுனாங்க. நான் கையெழுத்துப் போடலீங்க.”

“ஏன்?”

“தப்பு என்ர மேலதானுங்களே. மூட்டைய வச்சாச்சு, வண்டி எங்கயும் போவாதுன்னுட்டு அவளப் பாறைமேல உக்காரவெச்சுத் தண்ணி குடுத்தனுங்க. அவ போலாம், போலாம்னா. நான்தான், அவசரமில்ல கண்ணு, வண்டி நிக்கும்னேன்.”

“வண்டி நின்றது,” என்றேன். “எடுக்கச் சொன்னது நான். அவர் ஐந்து நிமிடம் நிற்கலாம் என்றுதான் சொன்னார்.”

அவர் கை மிளகில் அளைந்துகொண்டே இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூட்டைய நீங்க பார்த்தீங்களா சாமி?”

“பார்த்தேன்.”

“அதுல ஒரு மஞ்சச் சீலை இருந்துச்சுங்க. ஆஸ்பத்திரியில டாக்டரு முன்னால கட்டிக்கிட்டு நிக்கோணும்னு எடுத்து வெச்சா.”

மிளகை ஒருமுறை பரப்பிவிட்டு, “நீங்க சொல்லீட்டீங்க. சரி. ஆனா நான் அவள உக்காரவெச்சது இல்லைன்னு ஆயிருமுங்களா?” என்றார்.

விதிப்புத்தகத்தின் எந்தப் பக்கமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மேலே வளைவில் ஹாரன் கேட்டது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, மைல்கல்லிலிருந்து என் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இதை வெச்சுட்டு நிக்காதீங்க. இப்பெல்லாம் மூட்டைக்கு நிக்கறதில்லீங்க. ஏறிக்குங்க.”

என் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டார். நடத்துநர் விசில் ஊதினார். நான் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியிருந்தது.