பின்சக்கரம் எனக்கு, முன்சக்கரம் அவருக்கு

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃபில்டர்காரர் என்றால்தான் தெரியும். வீடு வீடாகப் போய்க் குடிநீர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். அடுத்தவர் வீட்டில், "இதுக்கு மேல இத வெச்சிருக்காதீங்க, உடம்புக்கு ஆகாது" என்று கறாராகப் பேசுகிற மனிதர், தம் வீட்டில் ஒரு பொருளைத் தூக்கிப்போட விடமாட்டார். பற்பசை தீர்ந்தால் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழிப்பார். அறுந்த செருப்பு இவரிடம் நாலு பிறவி எடுக்கும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்தவள்தான் நான். மோட்டார் சைக்கிள் டயரிலும் அதே கதை என்று தெரிந்த நாளோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அவருடைய சின்ன வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் தினமும் காலையில் வேலைக்குப் போவேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மேல்மாடிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறை பட்டதைத் தனியே ஊறப்போட்டு, மிச்சத்தை மெஷினில் திணிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் விபத்து வார்டு மூட்டை மட்டும் பெரிதாக இருக்கும். "நேத்து ரோடு நல்லா வழுக்கியிருக்கு போல" என்று பக்கத்தில் நிற்கிறவள் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்ப்பாள். நானும் அப்படித்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு தூறல் காலை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வளைவில், சாலை நடுவே இருந்த சாக்கடை இரும்பு மூடி மேல் பின்சக்கரம் ஏறியது. அடுத்த நொடி எனக்குக் கீழே வண்டி இல்லை. எனக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது. பின்பக்கம் சரேலென்று ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போக, அவர் காலை ஊன்றித் தேய்க்க, வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் வந்த பஸ் கைக்கெட்டும் தூரத்தில் அலறிக்கொண்டு நின்றது. அதன் என்ஜின் சூடு என் காலில் அடித்தது. நாங்கள் விழவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"ஒண்ணுமில்ல, லேசா ஒரு ஆட்டம்" என்றார் அவர். சிரிக்கவும் செய்தார்.

அன்று மூட்டையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. விரிப்பில் எந்தக் கறையைப் பார்த்தாலும் அது நான், இது அவர் என்று தோன்றியது.

பின்னால் உட்காருகிறவளின் பயம் ஓட்டுகிறவருக்குப் புரியாது. நம் கையில் பிரேக் இல்லை, ஹாண்டில் இல்லை, கண்ணெதிரே ஒரு ஹெல்மெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதன்பிறகு வானம் கறுத்தாலே என் கை அவர் சட்டையை இறுக்கியது. வண்டி லேசாகச் சாய்ந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அது ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வந்து சேர்வதற்குள் ஷிப்ட் ஆரம்பித்துவிடும். "இன்னொரு தடவ லேட்டா வந்தீங்கன்னா வரவே வேணாம்" என்று சூப்பர்வைசர் அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஏறினால் உயிர் பயம், ஏறாவிட்டால் வேலை போகும். நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தேன்.

"டயர மாத்துங்க" என்றேன்.

"பட்டனெல்லாம் இன்னும் இருக்கே."

"எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

வண்டியைச் சுற்றி வந்து முன்சக்கர டயரின் ரப்பர் மேடுகளைத் தொட்டுக் காட்டினார். "இதோ."

"பின்னாடி?"

"பின்னாடி... இருந்துச்சு."

"மொட்டத் தலையில சீப்பு வெச்ச மாதிரி தடவிப் பாக்காதீங்க. மாத்தற வரைக்கும் நான் ஏற மாட்டேன். வேல போனா போகட்டும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். விடுமுறையன்று காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நீயே பாத்து எடு" என்றார். அவர் வண்டியில் மெதுவாக வர, நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

டயர் கடைக்காரர் வாயாடி. மூன்று டயர்களை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார். "அம்மா, நகத்தால அழுத்திப் பாருங்க. இது கெட்டி ரப்பர். வருஷக்கணக்கா தேயாது. ஆனா ஈரத்துல பிடிக்காது. இது மெத்து ரப்பர், பேர் போன கம்பெனி. நல்லாப் பிடிக்கும், வெலையும் பிடிக்கும். இதுவும் மெத்து ரப்பர்தான், கம்பெனி பேரு யாருக்கும் தெரியாது. சீக்கிரம் தேஞ்சிடும். ஆனா ரோட்ட விடாது."

என் நகம் முதல் டயரில் சறுக்கியது. மற்ற இரண்டிலும் பதிந்தது. வருஷக்கணக்காகத் தேயாது என்று கேட்டதும் எங்கள் ஃபில்டர்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே என்று திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"பேர் போன கம்பெனியில ஒண்ணு குடுங்க. பின்னாடிக்கு. முன்னாடி பழசே ஓடட்டும்" என்றார்.

கடைக்காரர் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "சார், இது வண்டியோட வந்த டயர். பட்டன் இருக்கே தவிர ரப்பர் செத்துப்போச்சு. பாருங்க, ஓரமெல்லாம் வெடிச்சிருக்கு. பின்சக்கரம் வழுக்குனாலாவது ஒரு ஆட்டம் காட்டிட்டு நிக்கும். முன்சக்கரம் வழுக்குனா நேரா தரைதான். ரெண்டையும் மாத்துங்க."

"வேணாம். பின்னாடிக்கு நல்லதா போட்டாப் போதும்."

"அதான் ஏன் சார்?"

அவர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு எனக்குக் கேட்காது என்று நினைத்து, தணிந்த குரலில் சொன்னார்: "பின்னாடி அவ உட்கார்றா."

கடைக்காரர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தும், இந்த மனிதருக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடுவது எனக்குத் தெரியாமல் போயிற்றே. கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கோபம்தான் முந்தியது.

"ஏங்க, வண்டிய பாகம் பிரிக்கறீங்களா? நீங்க மட்டும் விழுவீங்க, நான் அப்படியே நின்னுட்டு வீட்டுக்கு நடந்து போவேன்னு நெனச்சீங்களா?"

"உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு..."

"நீங்க போனப்புறம் எனக்கு வேற என்ன ஆகணும்?"

பேர் போனதில் இரண்டு வாங்கக் கையில் பணம் இல்லை. பேர் தெரியாத கம்பெனி டயரையே இரண்டு சக்கரத்துக்கும் போடச் சொன்னேன். சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று கடைக்காரர் மறுபடி நினைவூட்டினார். தேயட்டும், நாங்கள் தேயாமல் இருந்தால் போதும் என்றேன்.

மாட்டி முடித்தபோது டயர் இரண்டும் மினுமினுவென்று இருந்தன. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், புது டயர் மேல ஒரு வழுவழுப்பு இருக்கும். அது போற வரைக்கும் சறுக்கும். ரெண்டு மூணு நாள் மெதுவா ஓட்டுங்க, சாய்க்காதீங்க, சட்டுனு பிரேக் பிடிக்காதீங்க. ஆள ஏத்தாதீங்க" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தூறல் விழுந்தது.

"நீ பஸ்ல வந்துடு. நான் தேய்ச்சு வெக்கறேன்" என்று இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். காய்ந்த தரையில், கூரைக்குக் கீழே நிற்கிறேன். அவர் வண்டியைத் தள்ளி ஈரச் சாலையின் ஓரத்தில் இறக்கினார். அவரை உரசிக்கொண்டு ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு பஸ். ஓரத்தில் அந்தக் குறுகலான முதுகு. சறுக்கும் டயரைத் தனியாகப் போய்த் தேய்க்கப்போகிறாராம். பஸ்ஸில் உட்கார்ந்து வீடு போய்ச் சேரும்வரை, கதவு தட்டும் சத்தம் கேட்கும்வரை, நான் என்ன ஆவேன்? பின்னால் உட்கார்ந்து பட்ட பயமெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

"நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"என்ன மறந்துட்டே?"

நான் ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா, ஆள ஏத்தக் கூடாதுன்னு இப்பதானே சொன்னேன்!" கடைக்காரர் வாசலில் நின்று கத்தினார்.

"இறங்கு" என்றார் இவர்.

"மாட்டேன். உங்களோட எங்க வேணாலும் பயப்படறேன். தனியா நின்னு பயப்பட என்னால ஆகாது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வண்டியையும் எடுக்கவில்லை.

"கொஞ்சம் இரு. கால் நடுங்குது."

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து. தினமும்தான். நீ ஏறி உட்கார்ந்த ஒடனே ஆரம்பிச்சிடும்."

எட்டிப் பார்த்தேன். தரையில் ஊன்றியிருந்த கால் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலால்தான் இத்தனை நாளும் சிரித்துக்கொண்டே கியர் மாற்றியிருக்கிறார். அந்தத் தொடைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். தூறலில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். நடுக்கம் அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் கியரைப் போட்டார்.