கொழுந்துத் தராசில் ஏறிய சேறு

கேமரன் மலையில் எங்கள் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அதற்குப் பெயர் கேக். பெயரைக் கேட்டு யாரும் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம். ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் போட்டால் அழுக்கெல்லாம் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை மணல் தொட்டியில் கொட்டித் தண்ணீரை வடியவிட்டால் மிஞ்சுவதுதான் கேக். ஊறிய சோப்பு மாதிரி வழவழப்பு, நனைந்த நாய் மாதிரி வாசம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அம்மா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். "அஞ்சாம் பாரம் வரைக்கும் படிச்சும் சேத்துலதான் கைய வைக்கிற" என்பது என் உத்தியோகத்தைப் பற்றி அவருடைய கருத்து.

கேக்கை லோரியில் ஏற்றி, கம்போங் ராஜா பக்கம் ஒரு பள்ளத்தில் கொட்டுவார்கள். ஒருநாள் திரிங்காப் ஊரைத் தாண்டி ஒரு வளைவில் லோரியின் ஸ்பிரிங் பட்டை முறிந்துவிட்டது. லோரி ஓட்டும் அண்ணன் நேராக இன்ஜினியர் அறைக்குள் சேற்றுக் காலோடு வந்து நின்றார்.

"தண்ணிய எடுத்துட்டா லேசாயிடும்னு சொன்னீங்க. கல்லு மாதிரி கனக்குதுலா!"

இன்ஜினியர் ஈப்போவிலிருந்து வந்த சீன இளைஞர். கோபப்படத் தெரியாதவர். கேக்கின் அடர்த்தி தெரிந்தால் லோரியில் எவ்வளவு உயரத்துக்கு ஏற்றலாம் என்று சொல்லிவிடலாம் என்று மலாயில் விளக்கிவிட்டு என்னைப் பார்த்தார். வேலை என் தலையில் விழுந்தது.

கணக்கு சுலபம். ஒரு வாளித் தண்ணீரை நிறுக்க வேண்டும். அதே அளவு வாளியில் கேக்கை இடைவெளி இல்லாமல் அமுக்கி நிரப்பி நிறுக்க வேண்டும். வாளியின் எடையைக் கழித்துவிட்டு, கேக்கின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால் தீர்ந்தது. ஆனால் எங்கள் கூடத்துத் தராசு தீப்பெட்டி அளவுக்கு மேல் எதையும் தாங்காது. வாளியைத் தாங்கும் தராசு எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது: தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு.

சாயங்காலம் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றபோது நான் கேக் ஒன்று, தண்ணீர் ஒன்று, காலி ஒன்று என ஒரே அளவு வாளிகள் மூன்றோடு போய்ச் சேர்ந்தேன்.

"என்னாடி அது, சாக்லெட்டா?" என்றார் ஓர் அக்கா. வரிசையில் நின்ற அம்மா, என்னை யாரென்றே தெரியாததுபோல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடை பார்த்துக் கணக்கெழுதும் கிராணி முகத்தைச் சுளித்தார். "கொழுந்து தொங்குற கொக்கியில சேத்தைத் தொங்க விடுறியா?"

"வாளிதான் ஐயா தொங்கும். சேறு உள்ள இருக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே மூன்று எடையையும் பார்த்துச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. இவர் நம்மூர் ஆள்தான், ஆனாலும் துரை. இது என்ன என்று கிராணி சொல்ல, கேக் வாளியை எட்டிப் பார்த்தார்.

"எங்க பங்களா குழாயில வர்ற தண்ணியில இருந்தா இது வருது? இதையா நாங்க குடிக்கிறோம்?"

"இல்ல சார். நீங்க குடிக்காம விட்டது இது."

துரை சிரிக்கவில்லை. மறுபடி ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாள் இன்ஜினியர் என் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். "இதன்படி கேக் தண்ணீரைவிட லேசு. மிதக்க வேண்டுமே" என்றார். இருவரும் பின்பக்கத் தொட்டிக்குப் போனோம். ஒரு கட்டியை எடுத்துப் போட்டேன். அது யோசிக்காமல் அடிக்குப் போயிற்று. "வேறு கட்டி போடு" என்றார். அதுவும் போயிற்று. "எடையில்தான் தப்பு. மறுபடி நிறுத்துப் பார்" என்றார்.

சாயங்காலம் மறுபடி வாளியோடு போனேன். இந்த முறை கிராணியின் தோளுக்குப் பின்னால் நின்று தராசைப் பார்த்தேன். முள் ஓர் இடத்தில் நின்றது. அவர் வாய் அதற்கு இரண்டு கிலோ குறைத்துச் சொன்னது.

"ஐயா, முள்ளு வேற சொல்லுதே?"

"ஈரத்துக்குக் கழிச்சேன். நனைஞ்ச கொழுந்துக்குக் கழிக்கிறதில்லையா? இதுவும் ஈரமாத்தானே இருக்கு."

"அப்போ நேத்து தண்ணி வாளிக்கும் கழிச்சீங்களா?"

"தண்ணிக்கு எதுக்குக் கழிக்கணும்? அது தண்ணி!"

எனக்குச் சிரிப்பு வருவதற்குள், நேற்று என்னைத் தெரியாததுபோல் நின்ற அம்மா வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டார். "வெயில் நாள்லயும் எங்க கொழுந்துக்குக் கழிக்கிறீங்களே, அது எந்த ஈரம்?"

கிராணி கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"எங்க வேர்வையா இருக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. கிராணி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

சரியான எடையைப் போட்டுப் பார்த்தபோது கேக் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்று வந்தது. ஆனால் லோரி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ அமுக்கி அமுக்கி ரொப்பியிருக்க. நான் என்ன ஏறி மிதிச்சா ஏத்துறேன்? மண்வெட்டியால வாரிப் போடுறேன்லா." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கட்டிகளுக்கு நடுவே காற்று இருந்தால் அதே வாளியில் கேக் குறைவாகத்தான் பிடிக்கும். அதனால் அவரையே மண்வெட்டியால் வாளியை நிரப்பச் சொல்லி மூன்றாம் முறை கொண்டுபோனேன். முள்ளை நானே படித்தேன். எடை குறைந்திருந்தது.

அந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டு இன்ஜினியர் லோரிப் பெட்டியின் உட்புறம் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்தார். வழக்கமாக ஏற்றியதைவிட அது கீழே இருந்தது, பாரம் குறையட்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டதைவிட, அவருடைய வாதத்தாலேயே, மேலே இருந்தது. இடுப்பில் கைவைத்துக் கோட்டை முறைத்தவர், "சரி, போலாம்" என்று வண்டியைக் கிளப்பினார். அதன்பிறகு ஸ்பிரிங் முறியவில்லை.

வெயில் நாளில் ஈரத்துக்குக் கழிப்பதைக் கிராணி நிறுத்திவிட்டார் என்று அம்மா சொன்னார். மழை நாளில் மட்டும் பழையபடிதான். மழையே ஓயாத கேமரன் மலையில் வருஷத்துக்கு எத்தனை வெயில் நாள் வரும் என்று கிராணிக்கும் தெரியும்.