கண்ணாடியில் அசைந்தவை

வீட்டுக்குள் இருந்தவர்கள்: என் மாமியார். காய்ச்சல் பார்க்க மலையேறி வந்த டாக்டர். நான். பாயில் என் மனைவி பாவாயி — காலில் முள் குத்திச் சீழ் வைத்து, கண் திறக்காமல்.

போன வாரம் இந்தப் பத்தியில் மிளகைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் மிளகு நினைவில் இல்லை.

எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில், காய்ச்சலுக்குக் கையில் சாமிக்கயிறு கட்டினால், அவிழ்க்கும்வரை அடுப்பில் ஏறிய எதுவும் தொண்டையில் இறங்கக் கூடாது. கட்டியவர் மாமியார்.

"கஞ்சி குடுங்கம்மா. இல்லேன்னா தாங்க மாட்டா," என்றார் டாக்டர்.

"கயிறு கெடக்குதுங்க. மீறுனா எம்புள்ளையச் சாமி எடுத்துக்கும்."

டாக்டர் பையிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்தார். பாவாயியின் ரத்தம் எடுத்து, அதிலிருக்கும் சர்க்கரை போக உப்புத் தண்ணீரில் அலசினார். சீழ் கொஞ்சம் சேர்த்தார். இரண்டு குழாயில் ஊற்றினார். ஒன்றில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். உடம்புச் சூடு வேண்டுமாம் — இரண்டையும் என் அக்குளில் வைக்கச் சொன்னார்.

மனைவியின் ரத்தம் என் அக்குளில்... யாருக்கு வாய்க்கும்?

வெளியே மூடுபனி. குழாய்களிலிருந்து ஒவ்வொரு துளியாகக் கண்ணாடித் துண்டில் வைத்தார். மைக்ராஸ்கோப்புக்கு அரிக்கேன் வெளிச்சம்தான்.

சர்க்கரை இல்லாத குழாய்: வெள்ளை உருண்டைகள் சும்மா கிடந்தன. பக்கத்திலேயே கிருமிகள், புள்ளி புள்ளியாக. தொடவில்லை.

சர்க்கரைக் குழாய்: அதே உருண்டைகள் நீண்டன. ஊர்ந்தன. புள்ளிகளை வளைத்து விழுங்கின.

பாயைத் திரும்பிப் பார்த்தேன். பாவாயி அசையவில்லை. கண்ணாடியில் அசைந்துகொண்டிருந்தாள்.

மாமியாரும் பார்த்தார். சட்டென்று தலையை எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இதுக அவளுக்குள்ள இருக்குதுங்களா?"

"ஆமாம்மா. காவக்காரங்க. சர்க்கரை இல்லேன்னா எந்திரிக்க மாட்டாங்க."

"அவளக் கேக்காமயேவா திங்குதுக?"

"கேட்டா மட்டும் இப்ப பதில் சொல்லுவாளா?"

மாமியார் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "மாப்பிள்ளை... தேன் அடுப்புல ஏறுதுங்களா?"

"இல்லீங்க அத்தை."

கயிறு அப்படியே இருந்தது. தேன் இறங்கியது — துளித்துளியாக.

ஒருத்தி பட்டினி கிடந்தால் உள்ளே எத்தனை பேர் பட்டினி? அன்றுமுதல் சாப்பிட உட்கார்ந்தாலே முதுகு சில்லிடுகிறது.

விடிந்ததும் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். இம்முறை அலசவில்லை, சர்க்கரையும் கலக்கவில்லை; சீழ் மட்டும் சேர்த்தார். அக்குள் மட்டும் என்னுடையது.

"இத வச்சு மட்டும் அவ பொழைப்பான்னு சொல்ல மாட்டேன். ஒரு உருண்டைக்குள்ள எத்தனை புள்ளின்னு எண்ணுங்க."

விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் பாயிலிருந்து ஒரு குரல், காற்றுப்போல.

"என்னத்தைங்க எண்ணறீங்க?"

"உன்னத்தான் கண்ணு."

ஏழு.